நோய் எதிர்ப்புத் திறன்: கடைச்சரக்கா, அரசின் கடமையா?

தில்லியின் காற்றுத் தரக் குறியீடு 2019 நவம்பர் 3-ம் தேதி 494 என்ற அளவைத் தொட்டது. அக்குறியீட்டின் உச்ச அளவே 500தான். தரையிறங்க முடியாத விமானங்கள் வேறு நகரங்களுக்குத் திருப்பி விடப்பட்டன. பள்ளிகள் மூடப்பட்டிருந்தன. பொது சுகாதார நெருக்கடி நிலை இரண்டு நாள்களுக்கு முன்பே அறிவிக்கப்பட்டிருந்தது. அன்றைய தினம் மத்திய சுகாதாரத் துறை அமைச்சராக இருந்த டாக்டர் ஹர்ஷ் வர்தன், தமது ட்விட்டர் பக்கத்தில் மக்களுக்கு ஓர் அறிவுரை வழங்கினார். காரட் சாப்பிட்டால் வைட்டமின் ஏ கிடைக்கும். மாசினால் உடலுக்கு ஏற்படும் பிற கேடுகளைச் சமாளிக்கவும் அது உதவும் என்பதே அந்த அறிவுரை.

காரட்டின் சத்து குறித்து யாருக்கும் ஐயமில்லை. ஆனால், அந்த அறிவுரை ஒரு பெரிய கேள்விக்கு இடம் கொடுத்தது. சளியும் இன்ஃபுளூயன்சா காய்ச்சலும் பரவும் பருவத்தில் உடலைக் காத்துக்கொள்வது அவரவர் சமையலறையின் பொறுப்பா? அல்லது, மக்கள் சுவாசிக்கும் காற்றுக்கும் அவர்களுக்குக் கிடைக்க வேண்டிய தடுப்பூசிக்கும் பதில் சொல்ல வேண்டிய அரசின் பொறுப்பா?

இரண்டு வாரங்கள் கழித்து, நவம்பர் 19-ல் மக்களவையில் காற்று மாசு குறித்த விவாதத்தை காங்கிரஸ் உறுப்பினர் மணீஷ் திவாரி தொடங்கி வைத்தார். திரிணமூல் காங்கிரஸ் உறுப்பினர் காகோலி கோஷ் தஸ்திதார் முகக் கவசம் அணிந்து அவைக்கு வந்தார். ஐந்து ஆண்டுகள் ஓடின. அமைச்சர்கள் மாறினர். 2024 நவம்பர் 18-ம் தேதி தில்லியின் குறியீடு மீண்டும் அதே 494-ல் வந்து நின்றது.

வாசலிலேயே தாக்கப்படும் காவல்

நோய் எதிர்ப்புத் திறன் என்பது வானொலிப் பெட்டியின் ஒலியைப் போலத் திருகிக் கூட்டக் கூடிய ஒன்றல்ல. பல அடுக்குகள் கொண்ட காவல் ஏற்பாடு அது. அந்தக் காவல் அளவுக்கு மீறிச் செயல்பட்டாலும் ஆபத்துதான். ஒவ்வாமையும், உடல் தன்னையே தாக்கிக்கொள்ளும் சில நோய்களும் அப்படி வருபவையே. கடுமையான வைரஸ் தொற்றுகளில் கிருமியால் விளையும் சேதத்துடன், கட்டுமீறிய எதிர்ப்பினால் விளையும் சேதமும் சேர்ந்துகொள்வதை மருத்துவர்கள் கண்டுள்ளனர். எனவே, "எதிர்ப்பு சக்தியைப் பெருக்கும்" என்ற விளம்பர வாசகமே அறிவியலுக்குப் பொருந்தாதது. இருக்கும் திறனைக் கெடாமல் காப்பதும், குறிப்பிட்ட கிருமியை அதற்கு முன்கூட்டியே அடையாளம் காட்டி வைப்பதும்தான் நடைமுறையில் இயலக் கூடியவை.

காவலின் முதல் அடுக்கு மூக்கிலும் மூச்சுக் குழாயிலும் உள்ளது. அங்குள்ள சளிப்படலம் தூசியையும் கிருமியையும் பிடித்து நிறுத்துகிறது. நுண்ணிய மயிரிழைகள் அதை மேல்நோக்கித் தள்ளி வெளியேற்றுகின்றன. இதைத் தாண்டி உள்ளே செல்லும் கிருமிகளை நுரையீரலின் காற்றறைகளில் இருக்கும் செல்கள் விழுங்கி அழிக்கின்றன. புகையும் நுண்துகள்களும் முதலில் சிதைப்பது இந்த ஏற்பாட்டைத்தான். குளிர்ந்த, வறண்ட காற்றும் சளிப்படலத்தை உலரச் செய்கிறது. குளிருக்கு அஞ்சிக் கதவு, ஜன்னல்களை அடைத்துக்கொண்டு பலர் ஒரே அறையில் இருக்கும்போது ஒருவரின் இருமல் மற்றவரின் மூச்சாகிறது.

2.5 மைக்ரானுக்கு உட்பட்ட நுண்துகள்கள், ஒரு கன மீட்டர் காற்றில் 24 மணி நேரச் சராசரியாக 60 மைக்ரோகிராம் வரை இருக்கலாம் என்பது இந்தியா வகுத்துள்ள வரம்பு. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட வரம்பு 15 மைக்ரோகிராம். தில்லியின் குளிர்கால நாள்களில் இந்திய வரம்பையே பல மடங்கு தாண்டிய காற்றைத்தான் மக்கள் சுவாசிக்கின்றனர். காற்றைச் சுத்திகரிக்கும் கருவி பொருத்திய அறைகளில் அமைச்சர்களும் அதிகாரிகளும் பணியாற்ற முடியும். சாலைச் சந்திப்பில் நிற்கும் போக்குவரத்துக் காவலருக்கும், இரவெல்லாம் சுள்ளிகளை எரித்துக் குளிர்காயும் காவலாளிக்கும், ரிக்ஷா தொழிலாளிக்கும் அந்த வசதி இல்லை. மாசு முற்றும்போது கட்டுமானப் பணிகள் நிறுத்தப்படுவதால், அன்றாடக் கூலியையும் இழந்து அதே காற்றைச் சுவாசிப்பவர் கட்டடத் தொழிலாளி.

அச்சத்தில் வளர்ந்த சந்தை

வட இந்தியாவில் குளிர்காலம் சியவனப்பிராஷ் லேகியத்தின் காலம். கொரோனா தொற்றுக்குப் பிறகு அது ஆண்டு முழுவதுக்குமான வியாபாரமாயிற்று. 2020 மார்ச் 31-ல் ஆயுஷ் அமைச்சகம் வெளியிட்ட அறிவுரையில் வெந்நீர், மஞ்சள் கலந்த பால், துளசியும் மிளகும் சுக்கும் சேர்ந்த கஷாயம், காலையில் 10 கிராம் சியவனப்பிராஷ் ஆகியவை இடம்பெற்றன. தமிழகத்தில் கபசுரக் குடிநீர் வீதிதோறும் வழங்கப்பட்டது. கஷாயமும் வெந்நீரும் தொண்டைக்கு இதம் தருபவை, தலைமுறைகளாகப் பழகியவை. அவற்றைக் குறை கூற ஏதுமில்லை. இதம் தருவது வேறு, தொற்றைத் தடுப்பது வேறு என்ற எல்லைக்கோடு அழிக்கப்பட்டபோதுதான் சிக்கல் தொடங்கியது.

பதஞ்சலி நிறுவனம் 2020 ஜூன் 23-ல் "கொரோனில்" மருந்தை கொரோனாவைக் குணப்படுத்துவதாகக் கூறி அறிமுகம் செய்தது. அன்றே விளம்பரத்தை நிறுத்துமாறு ஆயுஷ் அமைச்சகம் உத்தரவிட்டது. பின்னர் அதே மருந்து "எதிர்ப்பு சக்தி" தரும் பொருளாக விற்பனைக்கு வந்தது. அப்பெயர் தொடர்பாகச் சென்னை நிறுவனம் ஒன்று தொடுத்த வணிகச் சின்ன வழக்கில், சென்னை உயர் நீதிமன்றத் தனி நீதிபதி 2020 ஆகஸ்ட் 6-ல் பதஞ்சலிக்கு ரூ. 10 லட்சம் செலவுத்தொகை விதித்தார். மக்களின் அச்சத்தைப் பயன்படுத்தி லாபம் தேடும் முயற்சி என அவர் கண்டித்தார். அந்த உத்தரவை டிவிஷன் பெஞ்ச் பின்னர் நிறுத்தி வைத்தது. சியவனப்பிராஷ் சந்தையில் போட்டியாளரான டாபரைத் தாழ்த்திக் காட்டும் விளம்பரங்களை வெளியிட பதஞ்சலிக்கு தில்லி உயர் நீதிமன்றம் 2025 ஜூலை 3-ல் இடைக்காலத் தடை விதித்தது. ஒரு லேகியத்துக்கான சண்டை நீதிமன்றப் படியேறும் அளவுக்கு இச்சந்தை பெரியது.

இயற்கை மூலிகை என்பதாலேயே தீங்கில்லை என்ற நம்பிக்கையும் முழுமையாகச் சரியல்ல. கிலோய் எனப்படும் சீந்தில் கொடியை எதிர்ப்பு சக்திக்காகத் தொடர்ந்து உட்கொண்ட ஆறு பேருக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டதை மும்பை மருத்துவர்கள் 2021-ல் ஆய்விதழில் பதிவு செய்தனர். உட்கொள்ளப்பட்டது உண்மையான சீந்தில்தானா, அதைப் போன்ற தோற்றமுள்ள வேறு கொடியா என்பது உறுதி செய்யப்படவில்லை என்று ஆயுஷ் அமைச்சகம் மறுப்புத் தெரிவித்தது. ஆனால், கடையில் வாங்கும் பொடி எந்தக் கொடியிலிருந்து வந்தது என்பதைச் சாதாரண மக்கள் எப்படி அறிவது என்ற கேள்விக்கு அந்த மறுப்பில் விடையில்லை.

ஆய்வுகள் கூறுவது என்ன?

மாத்திரை வடிவில் அதிகம் விற்பது வைட்டமின் சி. இது குறித்த 29 ஆய்வுகளை, 11 ஆயிரத்துக்கும் அதிகமானோரின் விவரங்களுடன், காக்ரேன் அமைப்பு 2013-ல் தொகுத்து மதிப்பிட்டது. நாள்தோறும் மாத்திரை உட்கொண்டபோதிலும் பொதுமக்களுக்குச் சளி பிடிப்பது குறையவில்லை. சளி நீடிக்கும் காலம் மட்டும் பெரியவர்களுக்கு 8 சதவீதமும் சிறுவர்களுக்கு 14 சதவீதமும் குறைந்தது. சளி பிடித்த பிறகு மாத்திரையைத் தொடங்கியவர்களிடம் நிலையான பலன் காணப்படவில்லை. மராத்தான் ஓட்டக்காரர்கள், கடுங்குளிரில் பயிற்சி பெறும் படைவீரர்கள் போன்றோருக்கு மட்டுமே சளி பிடிக்கும் வாய்ப்பு பாதியாகக் குறைந்தது.

விலையின்றிக் கிடைக்கக் கூடிய உறக்கத்தின் பலன் இதைவிடத் தெளிவானது. அமெரிக்காவின் கார்னகி மெல்லன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 153 தன்னார்வலர்களின் மூக்கில் சளி வைரஸைச் செலுத்தி, 2009-ல் முடிவுகளை வெளியிட்டனர். ஏழு மணி நேரத்துக்கும் குறைவாக உறங்கியவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு, எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ உறங்கியவர்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு இருந்தது. ஆனால், இரண்டு வேலை பார்த்து, ஒரே அறையில் ஆறு பேருடன் படுத்து எழும் தொழிலாளிக்கு ஏழு மணி நேர உறக்கம் எளிதில் கிடைப்பதன்று.

சத்தான உணவு குறித்தும் இதையே கூற வேண்டும். புரதம், இரும்பு, துத்தநாகம், வைட்டமின் ஏ ஆகியவை குறைந்தால் எதிர்ப்புத் திறன் குன்றும் என்பது நிறுவப்பட்ட உண்மை. 2019-21-ல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையிலான இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை உள்ளது. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் இந்த அளவு 67 சதவீதம். அவ்வயதில் 35.5 சதவீதக் குழந்தைகள் வயதுக்கேற்ற உயரமின்றி உள்ளனர். நடுத்தர வகுப்பினர் சத்து மாத்திரைகளில் தேடும் எதிர்ப்புத் திறனை, இக்குழந்தைகள் அடிப்படை உணவிலேயே இழந்து நிற்கின்றனர். தமிழகத்தின் சத்துணவில் முட்டை நிலைபெற்று நீண்ட காலமாகிறது. வட மாநிலங்கள் பலவற்றின் பள்ளி மதிய உணவில் அதற்கு இன்னமும் இடமில்லை. அங்கு இது சுகாதாரப் பிரச்சினையாக அல்லாமல் அரசியல் பிரச்சினையாகவே அணுகப்படுகிறது.

மறக்கப்பட்ட தடுப்பூசி

சாதாரண சளியும் இன்ஃபுளூயன்சாவும் ஒன்றல்ல. சளி பெரும்பாலும் தானாகவே நீங்கிவிடும். இன்ஃபுளூயன்சா முதியோர், கருவுற்ற பெண்கள், குழந்தைகள், நீரிழிவு மற்றும் இதய, நுரையீரல் நோயாளிகள் ஆகியோரின் உயிரைப் பறிக்கக் கூடியது. தொற்று உறுதியான முதல் ஒரு வாரத்தில் மாரடைப்பு ஏற்படும் வாய்ப்பு ஆறு மடங்கு உயர்வதாக கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் நடந்த ஆய்வு 2018-ல் தெரிவித்தது. 1918-ம் ஆண்டின் பெருந்தொற்று இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரலாற்றில் நாட்டின் மக்கள்தொகை குறைந்தது 1911-21 என்ற அந்த ஒரு பத்தாண்டில் மட்டுமே.

அண்மைக்கால எண்ணிக்கைகளும் புறந்தள்ளக் கூடியவை அல்ல. பன்றிக் காய்ச்சல் என அறியப்பட்ட ஹெச்1என்1 வைரஸுக்கு 2009-ல் இந்தியாவில் 981 பேர் பலியாயினர். 2015-ல் 42,592 பேருக்குத் தொற்று உறுதியாகி, 2,990 பேர் உயிரிழந்தனர். 2017-ல் 2,270 பேரும், 2019-ல் 1,218 பேரும் இறந்தனர். பரிசோதனையில் உறுதியானவை மட்டுமே இக்கணக்கில் சேர்ந்துள்ளன. 2023 மார்ச்சில் ஹெச்3என்2 வகை பரவியபோது, புதுச்சேரியில் 1 முதல் 8-ம் வகுப்பு வரை பள்ளிகள் 10 நாள்களுக்கு மேல் மூடப்பட்டன.

உயர் பதவிகளில் இருப்போரையும் இந்த வைரஸ் விட்டுவைக்கவில்லை. அப்போது பாரதிய ஜனதா கட்சித் தலைவராக இருந்த அமித் ஷா, 2019 ஜனவரியில் பன்றிக் காய்ச்சலுடன் எய்ம்ஸ் மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டார். 2020 பிப்ரவரி 25-ல் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஆறு பேருக்கு ஹெச்1என்1 தொற்று ஏற்பட்டுள்ளதாக நீதிபதி டி.ஒய். சந்திரசூட் நீதிமன்ற அறையிலேயே அறிவித்தார். உடனடியாக, நீதிமன்றத்தில் பணியாற்றுவோருக்குத் தடுப்பூசி கிடைக்கச் செய்வது குறித்துத் தலைமை நீதிபதி எஸ்.ஏ. பாப்டே ஆலோசனை நடத்தினார். நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றத்தில் தொற்று நுழைந்ததும் முதலில் நினைவுக்கு வந்தது கஷாயமோ காரட்டோ அல்ல, தடுப்பூசிதான்.

அந்தத் தடுப்பூசி தேசிய தடுப்பூசித் திட்டத்தில் இடம்பெறவில்லை. 12 நோய்களுக்கு எதிராக இலவசத் தடுப்பூசி வழங்கும் அத்திட்டத்தில் இன்ஃபுளூயன்சா சேர்க்கப்படவில்லை. சுகாதாரப் பணியாளர்களும் கருவுற்ற பெண்களும் இதைப் போட்டுக்கொள்ள வேண்டும் என மத்திய சுகாதார அமைச்சகத்தின் வழிகாட்டு நெறிகள் பரிந்துரைக்கின்றன. பரிந்துரைக்குப் பின்னால் நிதி ஒதுக்கீடு இல்லாததால், தனியார் மருத்துவமனையில் ஆயிரம் ரூபாய்க்கு மேல் கொடுக்க முடிந்தவர்களுக்கே அது கிடைக்கிறது. அதையும் ஆண்டுதோறும் போட வேண்டும். 2015-ம் ஆண்டின் பாதிப்புக்குப் பிறகு, கருவுற்ற பெண்கள் உள்ளிட்டோருக்கு மகாராஷ்டிர அரசு இலவசமாக வழங்கத் தொடங்கியது. பிற மாநிலங்களில் அதைப் பின்பற்றும் ஆர்வம் பரவலாகக் காணப்படவில்லை.

இத்தடுப்பூசி முழுப் பாதுகாப்பு தருவதில்லை என்பதும் உண்மை. பரவும் வைரஸுடன் நன்கு பொருந்தும் ஆண்டுகளில், மருத்துவரை நாட வேண்டிய அளவுக்கு நோய் வரும் வாய்ப்பை அது 40 முதல் 60 சதவீதம் வரை குறைக்கிறது. அதனுடன் ஒப்பிடத்தக்க பலனை நிரூபித்த லேகியமோ மாத்திரையோ இன்றுவரை இல்லை.

பொதுத்துறைத் தடுப்பூசி நிறுவனங்கள் வலுவாக இருந்திருந்தால் விலை குறைந்திருக்கும் என்ற வாதமும் உண்டு. 1957-ல் ஆசிய ஃபுளூ பரவிய காலத்தில் இன்ஃபுளூயன்சா ஆய்வு மையம் இயங்கியது நீலகிரி மாவட்டம் குன்னூரில் உள்ள பாஸ்டர் நிறுவனத்தில்தான். அந்நிறுவனம், சென்னை கிண்டியின் பி.சி.ஜி. ஆய்வகம், இமாசலப் பிரதேசத்தின் கசௌலி மத்திய ஆராய்ச்சி நிலையம் ஆகிய மூன்றின் தடுப்பூசி உற்பத்தி உரிமங்களும் தரக் குறைபாட்டைக் காரணம் காட்டி 2008 ஜனவரியில் நிறுத்தி வைக்கப்பட்டன. நாடாளுமன்றத்தில் எழுந்த கடும் எதிர்ப்புக்குப் பின் 2010-ல் அவை மீண்டும் வழங்கப்பட்டன. இடைப்பட்ட காலத்தில் தடுப்பூசிச் சந்தையில் தனியாரின் பிடி இறுகியது.

ஒரே நாடு, மூன்று பருவங்கள்

இன்ஃபுளூயன்சா குளிர்கால நோய் என்ற கருத்தும் இந்தியா முழுமைக்கும் பொருந்தாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் கண்காணிப்பு மையங்களில் திரட்டிய விவரங்களின் அடிப்படையில் 2015-ல் வெளியான ஆய்வு இதைத் தெளிவாக்கியது. ஸ்ரீநகரில் நோய் உச்சம் அடைவது ஜனவரி முதல் மார்ச் வரை. தில்லி, லக்னௌ, புணே, கொல்கத்தா ஆகிய நகரங்களில் தென்மேற்குப் பருவமழைக் காலமான ஜூலை முதல் செப்டம்பர் வரை. சென்னையிலும் வேலூரிலும் வடகிழக்குப் பருவமழையை ஒட்டி அக்டோபர், நவம்பர் மாதங்களில். தில்லியிலும் குளிர்காலத்தில் சிறிய அளவில் நோய் மீண்டும் தலைதூக்குகிறது.

ஊசி போட்டு உடலில் எதிர்ப்பு உருவாக சுமார் இரண்டு வாரங்கள் ஆகும். எனவே, தமிழகத்தில் வசிப்பவர் ஐப்பசி மழை தொடங்கிய பிறகு தடுப்பூசியை நினைப்பது தாமதம். வடகோடி தவிர்த்த பகுதிகளில் பருவமழைக்கு முன்பே போட்டுக்கொள்வது நல்லது என்பது அந்த ஆய்வின் முடிவு. தேசிய அளவில் திட்டம் வந்தாலும் அதன் கால அட்டவணையை மாநிலங்களே வகுக்க வேண்டியிருக்கும்.

அதுவரை தனிமனிதர் செய்யக் கூடியவை சிலவே, ஆனால் பயனுள்ளவை. சோப்பினால் கை கழுவுவது, இருமும்போது வாயை மூடுவது, காய்ச்சல் உள்ளபோது பணிக்கோ பள்ளிக்கோ செல்லாதிருப்பது, அறையில் காற்றோட்டம் வைத்துக்கொள்வது, புகைபிடிப்பதைக் கைவிடுவது, போதிய உறக்கம் ஆகியவை அவற்றில் முக்கியமானவை. வைரஸ் காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் மாத்திரை பயனளிக்காது. அவற்றைக் கண்டபடி எழுதித் தருவதைத் தவிர்க்குமாறு இந்திய மருத்துவச் சங்கமே 2023 மார்ச்சில் மருத்துவர்களைக் கேட்டுக்கொண்டது. மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, மயக்கம், சளியில் ரத்தம், நகங்கள் நீலம் பாய்தல் ஆகியவை தோன்றினால் கைவைத்தியத்தில் காலம் கடத்தாமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இந்தப் பட்டியலிலும் அரசுக்குப் பங்கு உண்டு. ஒரு நாள் விடுப்பெடுத்தால் ஒரு நாள் கூலியை இழக்கும் அமைப்புசாராத் தொழிலாளியிடம் காய்ச்சலுக்கு வீட்டில் இருக்கச் சொல்வது எளிது. ஊதியத்துடன் கூடிய நோய் விடுப்பு அவருக்கு இல்லை.

ஊட்டச்சத்து நிலையை உயர்த்துவதும் பொது சுகாதாரத்தை மேம்படுத்துவதும் அரசின் தலையாய கடமைகளில் அடங்கும் என அரசியல் சாசனத்தின் 47-வது பிரிவு கூறுகிறது. பொது சுகாதாரம் மாநிலப் பட்டியலில் உள்ளது. மாநிலம் விட்டு மாநிலம் பரவும் தொற்றைத் தடுப்பது பொதுப் பட்டியலில் உள்ளது. எனவே, எந்த அரசும் மற்றொன்றைக் காட்டித் தப்பிக்க இடமில்லை. சுகாதாரத்துக்கான அரசுச் செலவை 2025-க்குள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதமாக உயர்த்துவதென 2017-ம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை உறுதியளித்தது. 2021-22-ம் ஆண்டுக்கான தேசிய சுகாதாரக் கணக்கின்படி, கொரோனா காலத்தில்கூட அது 1.84 சதவீதத்தையே எட்டியது. மொத்த மருத்துவச் செலவில் 39.4 சதவீதத்தை மக்கள் தங்கள் கையிலிருந்து கொடுத்தனர். சியவனப்பிராஷுக்கும் வைட்டமின் மாத்திரைக்கும் கொடுக்கும் பணம் வேறு.

நாடாளுமன்றத்தின் குளிர்காலக் கூட்டத்தொடர், தலைநகரின் காற்று மிக மோசமாக இருக்கும் வாரங்களிலேயே ஆண்டுதோறும் கூடுகிறது. மாசு குறித்து முழக்கங்களும் ஒத்திவைப்புத் தீர்மான நோட்டீஸ்களும் தவறாமல் எழுகின்றன. சுகாதாரத் துறையின் மானியக் கோரிக்கை அவைக்கு வருவது அதற்குப் பிந்தைய பட்ஜெட் கூட்டத்தொடரில். அதற்குள் குளிர் விலகிவிடும், இருமலும் ஓய்ந்துவிடும். முதியோருக்கும் கருவுற்ற பெண்களுக்கும் இன்ஃபுளூயன்சா தடுப்பூசியை இலவசமாக வழங்க எவ்வளவு தொகை ஒதுக்கப்படும் என்ற கேள்வியை, அந்த மானியக் கோரிக்கையின்போது நினைவில் வைத்திருந்து எழுப்பும் உறுப்பினர்களே இப்போது தேவை.